பனி ஓயும்வரை

பொழியும் பனியைப் படமெடுத்துப் பரிசு வாங்கவென்று, ஒஸ்லோவில் தமயந்தி கண்ணுக்குள்ளேயே கமரா வைத்துக்கொண்டாள். பார்க்கும்போதே அது படத்தைத் திருத்திவிடும். மின்கம்பி, குப்பைத்தொட்டி என்று வெள்ளையைக் கெடுக்கிற எதையும் அழித்துவிட்டுத்தான் அவளுக்குக் காட்டும்.

அன்று முற்றத்தில் பனி தள்ளப் போன கணவன் போனில் அழைத்தான்.

“இஞ்சாரும், சறுக்கி விழுந்திட்டன். எழும்ப ஏலாமல் கிடக்கு. கெதியா வாரும்.”

தமயந்தி பதறியடித்து ஓடினாள். முற்றம் வெள்ளை வெளேரென்று, மாசுமருவில்லாமல் கிடந்தது.

“எங்கயப்பா கிடக்கிறீங்கள்?”

“உமக்கு முன்னாலதான்! கை காட்டுறன், தெரியேல்லையோ?”

அவள் உடனே கமராவை அணைக்கப் பார்த்தாள். பனி ஓயும்வரை அணையாதபடி அவளேதான் அதை அமைத்திருந்தாள்.

குரல் தேய்ந்துகொண்டே போனது. பனியைத் துழாவித் தேடக் குனிந்தாள்.

அவளுடைய கைகளையும் காணவில்லை.