இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை

“நோட்டுல எழுதியே வெச்சிருக்கேன் மேடம். நேத்து மட்டும் பதினெட்டு தடவை.”

சங்கவி நோட்டை மேஜைமேல் வைத்தாள். மேனேஜர் சித்ரா புரட்டிப் பார்த்தார். பத்து மணி, பத்து இருபத்தைந்து, பத்து ஐம்பது... ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே ஒரே வரிதான். ‘கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.’

எட்டிப் பார்த்தவர் முருகையன். திண்டிவனம் பைபாஸ் ஓரத்து அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு ஏசி ஆபரேட்டர். கிளியனூர்க்காரர், வயது ஐம்பத்தைந்து.

“ஏதாவது பேசுவாரா?”

“ஒரு வார்த்தை பேச மாட்டார் மேடம். கதவைத் தொறப்பார், ஒரு அடி உள்ள வெப்பார், கொஞ்சம் நிப்பார், போயிடுவார். நான் சாப்பிடும்போதுகூட. மாடியில தனியா இருக்கேன். பயமா இருக்கு.”

தனியாக இருக்கிறாள் என்பது பொய்யில்லை. கெடாரிலிருந்து விழுப்புரம், அங்கிருந்து திண்டிவனம் என்று பஸ் மாறி வந்து, ஜன்னலில்லாத ரெக்கார்டு ரூமில் பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்கிறாள். மூன்று மாதமாகிறது. கீழே இருக்கிறவர்களுக்கு மேலே ஒருத்தி இருக்கிற நினைவே கிடையாது. ஆயுத பூஜைக்குப் பொரி கொடுத்தபோது அவளை விட்டுவிட்டார்கள். பொரி போனால் போகிறது. விட்டுப்போச்சே என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஆம்பளை மட்டும் மணியடித்தாற்போல வந்து எட்டிப் பார்த்தால், எந்தப் பெண்ணுக்குத்தான் பயமாக இருக்காது?

முருகையனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

“ஏசி பாக்கத்தாங்க மேடம் போனேன்.”

“ஒரு நாளைக்குப் பதினெட்டு தடவையா?”

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். முருகையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சங்கவியை ஒருமுறை பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார்.

‘திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நிற்கிறதைப் பார்’ என்று நினைத்துக்கொண்டாள் சங்கவி.

அன்றைக்கே அவரை விழுப்புரம் கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

மறுநாள் சங்கவி நிம்மதியாக உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். பத்தரை மணிக்கு ஏசி நின்றது.

யாரையாவது கூப்பிடலாம் என்று கதவருகே போனாள். அது தானாக ஓட ஆரம்பித்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். அரை மணி கழித்து மறுபடி நின்றது. மத்தியானத்துக்குள் ஸ்கேனர் சூட்டோடு சேர்ந்து அவளும் வெந்துபோனாள்.

புது ஆபரேட்டர் தென்னரசு வந்து பார்த்தான்.

“ரிப்பேர் ஒண்ணுமில்லக்கா. எல்லாம் ஆட்டோ கன்ட்ரோல். கதவுக்கு மேல பாருங்க, சென்சார் இருக்கா? ஆள் நடமாட்டம் இருக்கான்னு அதுதான் பாத்துக்கினே இருக்கும். அரை மணி நேரம் ஒண்ணும் அசையலன்னா, ரூம் காலின்னு ஏசிய நிறுத்திடும்.”

“நான்தான் இருக்கேனே?”

“நீங்க ரேக்குக்குப் பின்னாடி உக்காந்துக்கினு இருக்கீங்க. அதுக்குத் தெரியாது.”

“அதை மாத்தி வைக்க முடியாதா?”

“பாஸ்வேர்டு சென்னை ஆபீஸ்ல இருக்குதுக்கா. முருகையண்ணன் ரெண்டு தடவை எழுதிப் போட்டாரு. ஒரு ஆளுக்காக செட்டிங் மாத்த முடியாதுன்னுட்டாங்க. பேஜாரு புடிச்ச மிஷின்.”

“மூணு மாசமா ஒரு தடவைகூட நிக்கலியே தம்பி?”

“அதெப்படிக்கா? அரை மணிக்குள்ள யாராவது கதவாண்ட வந்து நின்னுட்டுப் போனாத்தான் நிக்காம ஓடும்.”

அவன் போய்விட்டான். சங்கவி நோட்டைத் திறந்தாள். பத்து, பத்து இருபத்தைந்து, பத்து ஐம்பது. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. ஒன்று இருபது, ஒன்று நாற்பத்தைந்து. அது சாப்பாட்டு நேரம். அந்த மனிதர் எப்போதுதான் உட்கார்ந்து சாப்பிட்டார்?

எல்லாம் அவள் கையெழுத்துதான். பார்க்கப் பார்க்க அவமானமாக இருந்தது.

கீழே ஓடினாள்.

“மேடம், அவர் மேல தப்பில்ல. ஏசி நிக்காம இருக்கத்தான் வந்திருக்கார்.”

“அப்படியா? எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பாக்கலாம்” என்றார் சித்ரா, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எழுதிக் கொடுத்தாள். தென்னரசிடம் நம்பர் வாங்கி, மாடிப்படியில் நின்றபடியே போன் போட்டாள்.

“அண்ணே, சங்கவி பேசறேன். திண்டிவனம் ஆபீஸ்.”

“சொல்லும்மா. ஏசி நின்னுடுச்சா?”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“என்னை மன்னிச்சிடுங்கண்ணே.”

“நீ பண்ணதுல தப்பே இல்லம்மா. எம் பொண்ணா இருந்தாலும் எழுதிக் குடுன்னுதான் சொல்லியிருப்பேன்.”

“மேடம் கேட்டப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே. நானும் அங்கதானே நின்னேன். ஏன்ணே சொல்லலை?”

“நீ நின்னுக்கினு இருந்ததாலதாம்மா சொல்லல. ஏற்கெனவே ஒண்டியா கெடக்கிற பொண்ணு. நீ உள்ள இருக்கிறப்பவே அந்த ரூம்ல யாருமில்லன்னு மிஷின் சொல்லுதுன்னு, உன் மூஞ்சியப் பாத்து நான் எப்படிம்மா சொல்வேன்?”