திரும்பி வரும் சூடு

சரிபார்க்கும் அதிகாரி நான்காவது முறையாக மீட்டரை உற்றுப் பார்த்ததும், கருவியின் சர்க்யூட்டை வடிவமைத்தவள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். உடம்புக்குள் ஊசியை இறக்கி, மைக்ரோவேவ் அலையால் கட்டியைச் சுட்டுப் பொசுக்கும் கருவி அது. ஏற்கெனவே மூன்று முறை அதை அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

“நூறு வாட் அனுப்பினா ரெண்டு வாட் திரும்பி வருதேம்மா?”

“அஞ்சு வரைக்கும் வரலாம்னு விதியே இருக்கு சார்.”

“திரும்பி வர்ற அலை ஊசித் தண்டைச் சூடாக்கும். வழியில இருக்கிற நல்ல சதையும் வெந்துடும்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என் மேல அப்படி என்ன சார் கோபம்? இன்னிக்கும் கையெழுத்து ஆகலைன்னா என் வேலையே போயிடும்.”

அவர் பேனாவை எடுத்தார். ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார்.

“கோபமெல்லாம் இல்லம்மா. திங்கக்கிழமை இதை முதல்முதலா வைக்கப்போறது என் வீட்டுக்காரிக்கு. ஈரல்ல கட்டி.”

அவள் தாளை வாங்கினாள். பிறகு அதை இரண்டாகக் கிழித்தாள்.

“கருவியைத் திறங்க சார். திங்கக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கே.”