தகரச் சத்தம்

"என் பொண்டாட்டியோட முதல் புருஷன் வாசிச்சா அவ்வளவு இதமா இருக்குமாம். நான் வாசிச்சா தகரத்தைச் சுரண்டுற மாதிரி இருக்காம்! தினமும் அவன் பேச்சுதான். வயிறு எரியுது அண்ணா," என்று பொருமியபடியே கிட்டார் பெட்டியைத் திறந்தான் வாடிக்கையாளன்.

பெட்டியின் மூடியில் அவனும் மனைவியும் இருக்கும் படம் ஒட்டியிருந்தது; அதை கிட்டார் மெக்கானிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கம்பிகளுக்கு அடியில் அவற்றின் அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப்பைக் கழற்றினார்.

"செராமிக் காந்தம். சத்தம் கூர்மையாத்தான் வரும். அல்னிகோ காந்தம் போட்டா குழைவா வரும்."

"அதையே போடுங்க. அந்த ஆளும் அதைத்தானே வச்சிருந்திருப்பான்?"

"இல்லை தம்பி. அவனும் செராமிக்தான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மெக்கானிக் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பழைய கிட்டாரை எடுத்தார்.

"இதைத்தான் அவளுக்கு வாசிச்சுக் காட்டுவேன். அந்தக் காலத்துல அவளுக்கு நான்தான் தகரம்."