ஒழுகலைப் பிடித்தால் பத்துப் புள்ளி

"உனக்கு வெக்கமா இல்லையா நிலக்ஷி? எங்க வீடு ஒழுகுறது உனக்கு வெளையாட்டா?"

ஜீவராணி போட்ட சத்தத்தில் லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

தேயிலைத் தொழிலாளரின் வரிசை வீடுகளான அந்த லயத்தின் முதல் அறையைத் தோட்ட நிர்வாகம் வெள்ளைக்காரர் காலத்து லய வாழ்க்கையைக் காட்டும் மியூசியம் ஆக்கியிருந்தது. ஆளில்லாத அறைக்குப் புதுத் தகரம். அடுத்த அறையில் கைக்குழந்தையோடு ஜீவராணி. அங்கே பழைய தகரம். மழை வந்தால் ஒதுங்க ஒரு மூலை கிடையாது.

கெம்பஸில் கணினி படிக்கும் நிலக்ஷிதான் மியூசியத்துக்கு அந்த விளையாட்டைச் செய்து கொடுத்தவள். போனைத் தூக்கிப் பிடித்தால் திரையில் கூரை ஒழுகும். சொட்டுகளைத் திரையிலுள்ள பேசின் சட்டியில் பிடிக்க வேண்டும். ஒரு சொட்டுக்குப் பத்துப் புள்ளி.

"இப்பிடி ஏதாவது செஞ்சாத்தான்க்கா ஆளுங்க வந்து பாப்பாங்க."

"பாத்து? தகரம் கேட்டு அலைஞ்சே என் காலு தேஞ்சு போச்சு. தொரை ஒருநாளாவது இந்த வாசலை மிதிச்சிருப்பாரா? படிச்ச புள்ள, நீயும் அவங்க பக்கம் சாஞ்சிட்ட!"

"உள்ள வாங்கக்கா, பேசுவோம்."

கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ பேசினார்கள். அதற்குப் பிறகு ஜீவராணி வாயே திறக்கவில்லை.

"என்னத்தக் குடுத்து அமுக்குனாளோ!" என்றது லயம்.

மறுநாள் திறப்பு விழா. நல்ல மழை. தோட்டத்துத் தொரையான மனேஜர் நிருபர்களோடு ஜீப்பில் வந்து இறங்கினார். வரிசையாக ஒரே மாதிரிக் கதவுகள்.

"இதில எது?"

"இப்பிடி வாங்க சேர்." நிலக்ஷி குடை பிடித்து அழைத்துப் போனாள்.

உள்ளே ஒரே இருட்டு. மனேஜர் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"பிடிச்சிட்டேன்! நாப்பது புள்ளி! அடேயப்பா, என்ன டெக்னாலஜி! தலைகூட நனையுதே! அடுப்பு, தொட்டில்... எல்லாம் அப்பிடியே வச்சிருக்கீங்க, வெரி குட்!"

"எப்பிடி இருக்கு சேர்?" என்றார் ஒரு நிருபர்.

மனேஜருக்குக் குரல் உயர்ந்தது.

"மனுசன் இருக்கிற இடமா இது? இதில ஆளுங்களைக் குடிவச்ச வெள்ளைக்காரத் தொரைக்கு மனச்சாட்சி இருந்திருக்குமா? ஒரு தகரம் மாத்திக் குடுக்க என்ன கேடு? நான் சொன்னதாவே எழுதிக்கோங்க!"

எழுதிக்கொண்டார்கள்.

"கொஞ்சம் மெதுவா சேர்," என்றாள் நிலக்ஷி, தொட்டிலை ஆட்டியபடி. "அக்காவோட பாப்பா முழிச்சுக்கும். மியூசியம் பக்கத்துக் கதவு."