சிவந்த நாக்கு

"எல்லாரும் நாக்க நீட்டுங்க!"

பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம். கோயில் வாசலில் பன்னிரண்டு ஆண்கள் உபதேசியார் மனுவேலுக்கு வரிசையாக நாக்கை நீட்டினார்கள். சேசுநாதர் சுரூபம் கிடத்திய தூம்பாப் பெட்டியைத் தூக்கப்போகிறவர்கள். அன்று ஒருசந்தி; பவனி முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக்கூடாது என்பது மனுவேலின் சட்டம். போப்பாண்டவர்கூட இவ்வளவு கண்டிப்பில்லை.

யுத்தத்தில் அரிசி காணாமல் போன 1943. மணப்பாட்டுக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊரில் தாராளமாகக் கிடைத்தது தேரிக்காட்டுச் சப்பாத்திக்கள்ளிப் பழம்தான். மெக்சிகோவின் ஆதிக்குடிகள் ஆசையாய்த் தின்ற பழம்; கடல் தாண்டி வந்து இங்கே ஏழைக்குச் சோறாகியிருந்தது. உள்ளே இருக்கும் முள்ளை எடுக்காமல் விழுங்கினால் தொண்டையில் தைக்கும். எடுத்துவிட்டுத் தின்றாலும் நாக்கு சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எட்டாவது நாக்கு வேதமணியுடையது. செக்கச்செவேல்.

"வேதமணி அண்ணாச்சி, ஒருசந்தி நாள்ல கள்ளிப்பழமா?"

"திங்கல உபதேசியாரே. வாயில வச்சது நெசம். முழுங்கல."

"வாயில வச்சாகளாம், முழுங்கலயாம்! கேட்டியளா கதைய?"

கூட்டம் சிரித்தது. மனுவேலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியான தன் மனைவியையே காலையிலிருந்து பட்டினி போட்டிருக்கிறவர் அவர். உபதேசியார் வீட்டிலேயே ஒருசந்தி தவறினால் ஊர் என்ன பேசும்?

"ரங்கூன் கப்பலுக்குப் போன மவன்ட்ட இருந்து ஒரு வருசமாக் கடுதாசி இல்ல. அவனுக்காகத் தூம்பா தூக்குதேன்னு நேந்திருக்கேன். தள்ளிராதிய" என்றார் வேதமணி.

"முழுங்கலேன்னா எதுக்கு வாயில வச்சிய?"

வேதமணி பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்ல முடியல பாத்தியளா! தள்ளி நில்லுங்க."

அப்போது பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, எட்டு மாத வயிற்றோடு மனுவேலின் மனைவி சவேரியாள் வந்தாள்.

"நான் சொல்லுதேன். மத்தியானம் சுள்ளி பொறுக்கப் போன எடத்துல கெறங்கி விழுந்துட்டேன். இந்த அண்ணாச்சிதான் ஓடி வந்தாக. கையில கத்தி இல்ல. பல்லாலயே பழத்தக் கடிச்சு முள்ள எடுத்துத் தந்தாக. அவுகளத் தூம்பா தூக்கவிடுங்க."

"பழத்த முழுங்குனது யாரு?" மனுவேல் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

சவேரியாள் ஊர் பார்க்கத் தன் புருஷனுக்கு நாக்கை நீட்டினாள்.