ஆணி ஓட்டை

தனியாக வசித்த கோமளாவுக்குக் கொரோனா தொற்று என்றதும் மாநகராட்சி ஆட்கள் வந்து வாசலை மறைத்துத் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். தகவல் சொன்னது எதிர்வீட்டு வனஜா. குறி தவறிய ஆணி ஒன்று தகரத்தில் ஓட்டை போட்டிருந்தது. காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு கோமளா தலை வாரவில்லை, அடுப்பைப் பற்றவைக்கவில்லை. படுக்கையைவிட்டு எழுந்தால் அந்த ஓட்டையில் கண்ணை வைக்கத்தான். வனஜா கோலம் போட்டாள், போனில் சிரித்தாள். பதினான்கு நாளில் ஒருமுறைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிரிக்க வந்தவர்களிடம், "தகரத்த இங்கயே போட்டுட்டுப் போங்க" என்றாள் கோமளா. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

அடுத்த வாரம் எதிர்வீட்டில் இருமல் கேட்டது. கதவை ஒரு விரற்கடை திறந்து வனஜா கெஞ்சினாள். "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

கோமளா அன்றைக்குத்தான் தலைக்குக் குளித்துப் பின்னல் போட்டிருந்தாள். தகரத்தைத் தூக்கி வந்து வனஜாவின் வாசலில் சாத்தினாள். ஓட்டை வனஜாவின் கண்ணுக்கு நேராக வரும்படி சற்றே நகர்த்தினாள்.

"சத்தியமா சொல்லமாட்டேன்" என்று சுத்தியலை ஓங்கினாள். "சொன்னாத்தானே பிரிக்க ஆள் வருவாங்க?"