ஒரு சொட்டு உப்புநீர்

"சின்ன ஓட்டை போட்டுதாம்மா ஆபரேஷன், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, டாக்டர் வயிற்றில் ஊசியை இறக்கினார். ஊசித் தலையில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டார். சொட்டு உள்ளே இறங்கினால் ஊசி சரியான இடத்தில் இருக்கிறது. நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

"இறங்கிச்சா, சிஸ்டர்?"

"இறங்கிடுச்சு, டாக்டர்."

ஊசியை உருவி மறுபடியும் குத்தினார். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில்.

நர்சுக்கு மனசு கேட்கவில்லை. "விடுங்க டாக்டர். இது பயிற்சி பொம்மை. நம்ம கையில ஊசி தவறி அந்தம்மா இறந்து வருஷமாச்சு. இன்னும் எதுக்கு உங்களையே வதைச்சுக்கறீங்க?"

டாக்டர் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்சும் அப்போதுதான் குனிந்து பார்த்தாள். சொட்டு அப்படியே நின்றிருந்தது.

"அன்னைக்கும் பார்க்காமதான் சொன்னீங்களா, சிஸ்டர்?"